கடல் தாண்டி வரும் பெட்டி

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி. வெளிநாட்டுக் கடையில் மின்னணுச் சாதனம் வாங்கி வீட்டுக்கு வரவழைக்கலாமா, வரவழைத்தால் என்ன ஆகும்? இருபத்தாறு ஆண்டுகளாகத் திருப்புளியும் சால்டரிங் அயர்னுமாகப் பழுதுபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவளிடம் இதைக் கேட்டிருக்கிறீர்கள். பெட்டியைப் பிரிக்கும்போது பூரிக்கும் முகங்கள் எனக்குக் காணக் கிடைத்ததே இல்லை. ஆறு மாதம் கழித்து அதே பெட்டியை இடுக்கிக்கொண்டு வாசலில் நிற்கும் முகங்கள்தான் எனக்குப் பழக்கம். பதில்களில் கொஞ்சம் கசப்பு தட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மா, என் மகள் படிக்கும் நாட்டில் 120 வோல்ட் மின்சாரம். எங்கள் வீட்டில் 230. அங்கிருந்து மடிக்கணினி வாங்கி அனுப்புகிறேன் என்கிறாள். செருகியதும் புகைந்துவிடுமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: புகையாது, ஐயா. மடிக்கணினியை விட்டுவிட்டு அதன் அடாப்டரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முதுகில் எறும்பு ஊர்ந்தது போல எழுத்துகள் இருக்கும். 'இன்புட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் கவலையை விடுங்கள். ஜப்பானின் 100 வோல்ட்டும் அதற்குள் அடக்கம், ஐரோப்பாவின் 230 வோல்ட்டும் அடக்கம். பிளக்கின் கால்கள் மட்டும்தான் உங்கள் சுவர்த் துளைக்குப் பொருந்தாது. எழுத்து தெரியவில்லையென்றால் செல்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். நானும் இப்போதெல்லாம் அப்படித்தான் படிக்கிறேன்.

அதே இடத்தில் '120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்' என்று ஒற்றை எண் மட்டும் இருந்தால் அந்தச் சாதனத்தைச் சுவரின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். என் மேசை இழுப்பறையில் ஒரு தகர டப்பா இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்து முதல் நாளே உயிரை விட்ட சாதனங்களின் பாகங்களை அதில் போட்டு வைத்திருக்கிறேன். அதில் பெரும்பாலானவை கண்டென்சர்கள், மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கும் உருளைகள். 120 வோல்ட்டை உள்ளே நேர்மின்சாரமாக மாற்றும்போது உச்சம் சுமார் 170 வோல்ட்டுக்குப் போகும். அதைத் தாங்க 200 வோல்ட் கண்டென்சர் போதும் என்று செய்தவர்கள் வைத்திருப்பார்கள். 230 வோல்ட்டை மாற்றினால் உச்சம் 325. கட்டைவிரல் பருமன் உள்ள அந்த உருளையின் தலையில், அழுத்தம் மீறினால் திறந்துகொள்ளட்டும் என்றே ஒரு கீறல் போட்டிருப்பார்கள். அது அப்படியே பிளந்துகொண்டு வெளியே பஞ்சு தள்ளியிருக்கும். அந்த நாற்றம் அறையை விட்டுப் போக இரண்டு நாளாகும்.

சூடாக்கும் சாதனங்கள் இன்னும் மோசம். 120 வோல்ட்டில் 1500 வாட் இழுக்கும் தலைமுடி உலர்த்தியை 230 வோல்ட்டில் செருகினால் அது 5500 வாட் இழுக்கப் பார்க்கும். உருகிப்போவதற்கு முந்தைய சில நொடிகளுக்கு உலகிலேயே வேகமான உலர்த்தி அதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்றையும் மகளிடம் சொல்லுங்கள். விமான நிலையக் கடைகளில் விற்கும் சிறிய பிளக் மாற்றி, காலின் வடிவத்தை மட்டுமே மாற்றும். வோல்ட்டை மாற்ற டிரான்ஸ்பார்மர் வேண்டும். அதைத் தூக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். மூன்றாவது கால் துளையில் நுழையவில்லை என்று அதை ஒடித்துவிட்டுச் செருகுகிறவர்களைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது.

கேள்வி: அக்கா, வெளிநாட்டில் இருக்கும் நண்பன் புதுச் செல்பேசி ஒன்றை இங்கே விற்கும் விலையைவிட நிறையக் குறைத்து வாங்கித் தருகிறேன் என்கிறான். எதைப் பார்த்து 'சரி' சொல்ல வேண்டும்?
– கல்லூரி மாணவர்

பதில்: மாடல் எண்ணைப் பார்த்து, தம்பி. ஒரே பெயர், ஒரே வண்ணம், ஒரே விளம்பரத்தோடு வரும் செல்பேசிக்கு நாட்டுக்கு நாடு வேறு வேறு மாடல் எண் இருக்கும். எண் மாறினால் உள்ளே இருக்கும் அலைவரிசைகளும் மாறலாம். அந்த அலைவரிசைகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, 'பட்டை' என்று எண் போட்டு அழைப்பார்கள். அமெரிக்காவில் 600 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 71-ஆம் பட்டையும், ஐரோப்பாவில் 800 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 20-ஆம் பட்டையும் இதற்கு உதாரணம். உன் ஊர்ச் சேவை நிறுவனம் எந்தப் பட்டைகளில் இயங்குகிறது என்று பார்த்து, அந்த மாடலின் பட்டியலோடு ஒப்பிடு. ஒன்றிரண்டு பட்டை இல்லாவிட்டாலும் மாடியில் நின்றால் வேலை செய்யும். வீட்டின் உள்ளறைக்குப் போனதும் ஒரு கோடாகத் தேயும். பட்டை குறைவதன் அடையாளம் அதுதான், கெட்டுப்போனது என்று என்னிடம் தூக்கி வராதே.

அலைவரிசை பொருந்தினாலும் அழைப்பு போகாமல் இருக்கும் விந்தை ஒன்றும் உண்டு. பல நாடுகளில் பழைய 3ஜி சேவையை மூடிவிட்டார்கள். இப்போது பேச்சும் 4ஜி வழியாகவே போக வேண்டும். அதற்கான அனுமதியைச் சில சேவை நிறுவனங்கள் தங்களுக்குத் தெரிந்த மாடல்களுக்கு மட்டுமே தருகின்றன. இணையம் ஓடும், படம் ஓடும், எல்லாம் ஓடும். அம்மாவுக்கு அழைத்தால் மட்டும் 'டொக்' என்று துண்டிக்கும். அப்படிப்பட்ட ஒரு செல்பேசியை ஒரு மாதம் வைத்துத் திண்டாடிவிட்டு, கடைசியில் பாட்டுக் கேட்க மட்டும் வைத்துக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

சிம் போடும் தட்டு இருக்கிறதா என்றும் கேள். 2022-ல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்காவுக்கான ஐபோன்களில் அந்தத் தட்டே கிடையாது, அட்டை இல்லாமல் செல்பேசிக்குள்ளேயே பதியும் இ-சிம் மட்டும்தான். சீனப் பெருநிலத்தில் விற்ற அதே தலைமுறையில் இரண்டு சிம் அட்டைகளை வைக்கலாம். பெயர் ஒன்று, உடம்பு வேறு.

தவணையில் வாங்கியதா, ஒரே சேவை நிறுவனத்துக்குப் பூட்டியதா என்பதை நண்பனிடம் எழுத்தில் கேட்டு வாங்கு. சில நாடுகளில் வெளியிலிருந்து வரும் செல்பேசியின் ஐ.எம்.இ.ஐ. எண்ணை, அதாவது ஒவ்வொரு செல்பேசிக்கும் உள்ள தனி அடையாள எண்ணை, பதிவு செய்தாக வேண்டும். துருக்கியில் பதிவு செய்யாத வெளிநாட்டுச் செல்பேசியை 120 நாளில் அங்குள்ள சேவையிலிருந்து துண்டித்துவிடுவார்கள். உன் நாட்டில் அப்படி விதி இருந்தால் அந்தப் பதிவுக் கட்டணத்தையும் விலையோடு கூட்டிப் பார். பல நேரம் நண்பன் சொன்ன லாபம் அங்கேயே கரைந்துவிடும்.

கேள்வி: வெளிநாட்டுக் கடையில் பவர் பேங்க் பாதி விலைக்குக் கிடைக்கிறது. தபாலில் வரவழைக்கலாமா?

பதில்: வேண்டாம். சாதனத்துக்குள் பொருத்தப்படாமல் தனியாக வரும் லித்தியம் அயன் பேட்டரியை, பயணிகள் விமானத்தின் சரக்கு அறையில் ஏற்றக் கூடாது என்று 2016 ஏப்ரல் முதல் சர்வதேசத் தடை இருக்கிறது. பவர் பேங்க்கும் தனி பேட்டரிதான். கடைக்காரர் ஒப்புக்கொண்டாலும் தபால் நிலையம் திருப்பி அனுப்பும். அல்லது வழியில் எங்காவது பிடித்து அழித்துவிடுவார்கள். வருகிறவர்களின் கைப்பையில் கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-மணிக்குள் இருந்தால் விமான நிறுவனத்தின் தனி ஒப்புதல் வேண்டாம். 20,000 மில்லிஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 74 வாட்-மணி வரும். பெட்டியில் போட்டு லக்கேஜில் விடக் கூடாது, கையில்தான் கொண்டுவர வேண்டும்.

கேள்வி: நான் விரும்பும் கடை எங்கள் நாட்டுக்கு அனுப்புவதில்லை. நடுவில் ஒரு நிறுவனம் அந்த நாட்டில் எனக்கு ஒரு முகவரி தருகிறது. கடை அங்கே அனுப்பினால் அவர்கள் எனக்கு அனுப்பிவிடுவார்களாம். நம்பலாமா?
– சிறு அச்சகம் நடத்துபவர்

பதில்: முகவரியை வாடகைக்கு விடும் தொழில் அது. முறையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் இத்தகைய கிடங்குகள் பலவும் ஒரிகன், டெலவேர் மாநிலங்களில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாநிலங்களில் விற்பனை வரி கிடையாது, அதுதான் சூட்சுமம்.

பணம் போகும் இடம் எடைக் கணக்கு. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். வருகிற எண்ணையும் தராசு காட்டும் எடையையும் பக்கத்தில் வைத்து, எது பெரிதோ அதற்குக் கட்டணம் போடுவார்கள். 50, 40, 30 சென்டிமீட்டர் உள்ள பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 60,000; வகுத்தால் 12 கிலோ. உள்ளே இருப்பதோ மூன்று கிலோ ஒலிபெருக்கியும் மீதி முழுக்கத் தெர்மாகோலும். காற்றுக்கு ஒன்பது கிலோ கட்டணம் கட்டுகிறீர்கள். 'வேறு சிறிய பெட்டியில் மாற்றிக் கட்டித் தருகிறோம்' என்று அவர்களே சொல்வார்கள். துணி, புத்தகம் என்றால் தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். கனமான டிரான்ஸ்பார்மர் உள்ள ஆம்ப்ளிஃபையர் என்றால் வேண்டவே வேண்டாம். தொழிற்சாலை அச்சு வார்த்து வைத்த தெர்மாகோலை எடுத்துவிட்டுக் கசக்கிய காகிதம் திணித்து அனுப்பினார்கள் என்றால், வழியில் ஒரு முறை கீழே விழுந்தாலும் டிரான்ஸ்பார்மர் திருகாணியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளேயே உலா வரும். திறந்து பார்த்தால் மின்சுற்றுப் பலகை முழுக்கக் கோலம் போட்டிருக்கும். அதைச் சரிசெய்ய என்னிடம் கொண்டுவந்தவர்கள் யாரும் கட்டணத்தைக் கேட்டபின் முகம் மலரவில்லை.

இன்னொரு நுணுக்கம். '30 நாளுக்குள் திருப்பித் தரலாம்' என்று கடை சொன்னால் அந்தக் கணக்கு, பொருள் கிடங்கை அடைந்த நாளில் தொடங்கிவிடும். நான்கு பொருள்களைச் சேர்த்து ஒன்றாக அனுப்பச் சொல்லிக் காத்திருந்து, கப்பல் பயணமும் முடிந்து, நீங்கள் பெட்டியைப் பிரிக்கும் நாளில் கடையின் கெடு முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். கிடங்கில் திறந்து, மின்சாரம் கொடுத்து, படம் எடுத்து அனுப்பும் சேவை இருக்கிறதா என்று கேளுங்கள். விலை உயர்ந்த பொருள் என்றால் அந்தச் சின்னக் கட்டணத்தை யோசிக்காமல் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஜெர்மனியிலிருந்து வரும் மடிக்கணினியின் விசைப்பலகையில் எழுத்துகள் இடம் மாறியிருக்குமாமே?

பதில்: 'ஒய்' இருக்கும் இடத்தில் 'இசட்' இருக்கும், பிரெஞ்சு விசைப்பலகையில் 'கியூ' இருக்கும் இடத்தில் 'ஏ' இருக்கும். மென்பொருளில் மாற்றிக்கொள்ளலாம். தமிழ்99-இல் பார்க்காமல் தட்டச்சு செய்கிறவருக்கு விசையின் முகத்தில் என்ன எழுதியிருந்தால் என்ன? 'என்டர்' விசையின் வடிவத்தை மட்டும் மென்பொருளால் மாற்ற முடியாது. சுண்டுவிரல் ஒரு மாதம் திட்டும்.

கேள்வி: பார்சலின் மேல் 'அன்பளிப்பு' என்று எழுதி, விலையைப் பத்தில் ஒரு பங்காகக் குறித்து அனுப்பட்டுமா என்று விற்பவர் கேட்கிறார். சுங்க வரி மிச்சமாகும்தானே?
– வங்கி ஊழியர்

பதில்: வங்கியில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! பொய்க் கணக்கு என்பதை ஒரு பக்கம் வையுங்கள். பெட்டி தொலைந்தாலோ நொறுங்கினாலோ இழப்பீடு, எழுதிய விலைக்குத்தான் கிடைக்கும். பத்தில் ஒரு பங்கு எழுதியவருக்குப் பத்தில் ஒரு பங்கு. சுங்க அதிகாரிகளும் கடையின் இணையதளத்தைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்கள்தான்.

வரி எப்படி விழுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். பெரும்பாலான நாடுகளில் பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் சேர்த்துத்தான் மதிப்புப் போடுவார்கள். கணக்குக்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டு: பொருள் 100, அனுப்பும் செலவு 20. மதிப்பு 120. சுங்க வரி பத்து சதவீதம் என்றால் 12. அதற்கு மேல் உள்நாட்டு விற்பனை வரி பதினைந்து சதவீதம், 132-இன் மேல், 19.80. ஆகக் கையை விட்டுப் போவது 151.80. கூரியர் நிறுவனம் உங்களுக்காக வரியை முன்கூட்டிக் கட்டியதற்குத் தனியாக ஒரு கட்டணம் வாங்கும். 100-ஐ மனத்தில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனவர் கூரியர் பையனோடு சண்டை பிடிப்பார். அந்தப் பையனுக்கு இதில் ஒரு காசு லாபம் இல்லை.

சதவீதம் எவ்வளவு என்பதைப் பொருளின் சுங்கக் குறியீட்டு எண் முடிவு செய்யும். அதன் முதல் ஆறு இலக்கங்கள் உலகம் முழுவதும் பொது. கணினிகளுக்கு 8471, தொலைபேசிகளுக்கு 8517, தொலைக்காட்சிக்கும் திரைகளுக்கும் 8528 என்று தொடங்கும். 1996-ல் சிங்கப்பூரில் நடந்த உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டில் உருவான தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தால், அதில் சேர்ந்த நாடுகளில் கணினிகளுக்குச் சுங்க வரி கிடையாது. அதனால்தான் சில இடங்களில் மடிக்கணினிக்குச் சுங்க வரி சுழியமாக இருக்க, பக்கத்தில் இருக்கும் ஒலிபெருக்கிக்கு வரி விழுகிறது. உள்நாட்டு விற்பனை வரி இரண்டுக்கும் உண்டு. விற்பவர் படிவத்தில் 'பாகங்கள்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அதிகாரி தன் விருப்பப்படி ஒரு குறியீட்டைப் போடுவார். 'மடிக்கணினி, ஒன்று, புதியது' என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

சின்னப் பார்சலுக்கு வரியே கிடையாது என்று உங்களுக்கு யாராவது சொன்னால், எந்த ஆண்டுத் தகவல் என்று கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ விலக்கை 2021 ஜூலையில் எடுத்துவிட்டது. அமெரிக்கா 800 டாலர் விலக்கை 2025 ஆகஸ்ட் இறுதியில் எல்லா நாடுகளுக்கும் நிறுத்திவிட்டது.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து பெரிய தொலைக்காட்சிப் பெட்டியைக் கப்பலில் கொண்டுவரலாம் என்று என் அண்ணன் பிடிவாதம் பிடிக்கிறார்.

பதில்: தொலைக்காட்சியை அங்கேயே விட்டுவிட்டு அண்ணனை மட்டும் கொண்டுவாருங்கள். வட அமெரிக்காவின் ஒளிபரப்பு முறை ஒன்று, ஐரோப்பாவின் முறை வேறு, ஜப்பானின் முறை வேறு. ஆன்டெனாவைச் செருகினால் பனிமூட்டம்கூட வராது. திரையை வழியில் யாராவது படுக்க வைத்தால் அதுவும் போயிற்று.

கேள்வி: பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்றை அமெரிக்காவிலிருந்து ஏலத்தில் எடுத்திருக்கிறேன். 120 வோல்ட் என்பதால் டிரான்ஸ்பார்மரும் வாங்கிவிட்டேன். '60 ஹெர்ட்ஸ்' என்றும் எழுதியிருக்கிறது. எங்கள் மின்சாரம் 50. அது முக்கியமா?
– இசை ஆசிரியை

பதில்: அம்மா, இந்தக் கேள்வியை நான் பல ஆண்டுகளுக்கு முன் யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும்.

தொழில் தெரிந்தவள் என்ற திமிரில் இதே காரியத்தைச் செய்தேன். டிரான்ஸ்பார்மர் 230-ஐ 120 ஆக்கும். நொடிக்கு 50 துடிப்பு என்கிற 50 ஹெர்ட்ஸை அது தொடாது. என் வீட்டிலும் 50-தான். பிளேயரைச் செருகினேன். தட்டு அழகாகச் சுற்றியது. தட்டின் விளிம்பில் வரிசை வரிசையாகப் புள்ளிகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் எரியும் சின்ன நியான் விளக்கின் வெளிச்சத்தில் அந்தப் புள்ளிகள் அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தால் வேகம் சரி என்று அர்த்தம். 60 ஹெர்ட்ஸ் என்று குறித்த வரிசை சிலை போல நின்றது. சபாஷ் என்று ஒரு பழைய கீர்த்தனை இசைத்தட்டை வைத்தேன். ஐந்து கட்டையில் பாடும் அம்மையார் மூன்று கட்டையில், தூக்கம் கலையாதவர் போலப் பாடினார்.

காது ஒன்று சொல்கிறது, கண் ஒன்று சொல்கிறது. நான் கண்ணை நம்பினேன். இசைத்தட்டு வெயிலில் வளைந்திருக்கும், ஊசி தேய்ந்திருக்கும் என்று ஒரு மாலை முழுக்க வீணடித்தேன். அதன் பிறகுதான் புத்தி வந்தது. மோட்டார் மின்சாரத்தின் துடிப்பைப் பின்பற்றிச் சுற்றுகிறது. துடிப்பு ஆறில் ஐந்து பங்கானதும் தட்டும் ஆறில் ஐந்து பங்கு வேகத்துக்கு இறங்கி, நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பது 27.8 ஆகிவிட்டது. நியான் விளக்கும் அதே மின்சாரத்தில்தான் எரிகிறது. அதன் துடிப்பும் அதே அளவுக்குக் குறைந்துவிட்டது. அளக்கிற கோலும் அளக்கப்படுகிற துணியும் சேர்ந்தே சுருங்கினால் கணக்குச் சரியாகத்தானே வரும்? புள்ளிகள் கூசாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தன.

உங்கள் பிளேயரில் பெல்ட் இருந்தால் தீர்வு எளிது. மோட்டாரின் தண்டில் ஒரு சின்னப் பித்தளைக் கப்பி இருக்கும். 50 ஹெர்ட்ஸுக்கான கப்பி ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் விட்டம் கொண்டது. அந்த மாடலுக்கு அது கிடைக்கிறதா என்று தேடுங்கள், மாற்றினால் போதும். எனக்குக் கிடைக்கவில்லை. லேத் பட்டறையில் அளவு கொடுத்துக் கடைந்து வாங்கினேன். ஜப்பானில் செய்த பழைய பிளேயர்கள் சிலவற்றில் இரண்டுக்கும் ஏற்ற கப்பியை அவர்களே வைத்திருப்பார்கள். 1890-களில் டோக்கியோ ஜெர்மானிய ஜெனரேட்டர்களையும் ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டர்களையும் வாங்கிப் போட்டதால், அந்த நாட்டின் கிழக்கில் இன்றும் 50, மேற்கில் 60. வீடு மாறினாலே கப்பி மாற்ற வேண்டிய நாடு!

மின்துடிப்பை எண்ணி ஓடும் பழைய மேசைக் கடிகாரத்தையும் அங்கிருந்து வாங்கிவிடாதீர்கள். மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும்.

கேள்வி: ஜப்பான் கடையில் புதுக் காமிரா மலிவாக இருக்கிறது. ஏதாவது உள்குத்து உண்டா?

பதில்: ஜப்பான் சந்தைக்கென்றே வரும் சில காமிராக்களின் மெனுவில் ஜப்பானிய மொழி மட்டுமே இருக்கும். மாற்றவே முடியாது. 'மொழித் தேர்வு உண்டா' என்று இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். வாரண்டி அட்டை அந்த நாட்டுக்கு மட்டுமா என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

கேள்வி: 'உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, இந்த இணைப்பில் கட்டணம் செலுத்துங்கள்' என்று செய்தி வந்தது. நான் உண்மையிலேயே ஒரு பார்சலை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். கட்டலாமா?

பதில்: அந்த இணைப்பைத் தொடாதீர்கள். பார்சலை எதிர்பார்ப்பவர்கள் ஊரில் பாதிப் பேர் என்பது ஏமாற்றுக்காரனுக்கும் தெரியும். கடை கொடுத்த கண்காணிப்பு எண்ணை எடுத்து, கூரியரின் தளத்தை நீங்களே திறந்து, அதில் நீங்களே தட்டச்சு செய்து பாருங்கள். உண்மையில் கட்ட வேண்டியிருந்தால் அங்கே இருக்கும்.

கேள்வி: பெட்டி வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?
– பொறுமையில்லாத வாசகி

பதில்: ஒன்றும் செய்யாமல் நாலைந்து மணி நேரம் அப்படியே வைக்க வேண்டும், பொறுமையில்லாத வாசகியே. குளிரில் கிடந்து வந்த சாதனத்தைச் சூடான அறையில் உடனே திறந்தால் உள்ளே இருக்கும் பலகையில் பனி பூத்தது போல ஈரம் படியும். அந்த நேரத்தில் சுவிட்சைப் போட்டால் தகர டப்பாவுக்கு இன்னொரு உறுப்பினர் சேருவார். காத்திருக்கும் நேரத்தில் வெளிப் பெட்டியின் ஆறு பக்கங்களையும் படம் எடுங்கள், நசுங்கிய மூலையைக் கூடுதலாக ஒன்று. பிரிப்பதை இடையில் நிறுத்தாமல் காணொளியாக எடுங்கள். உடைந்திருந்தால் இழப்பீடு கேட்க வெளிப் பெட்டியும் வேண்டும். உடனே குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அம்மா, வெளிநாட்டுக் கடையில் வாங்கிய டேப்லெட் எட்டாவது மாதத்தில் நின்றுவிட்டது. பின்பக்கம் லேசாக உப்பியிருக்கிறது. வாரண்டி இருக்கிறது, திருப்பி அனுப்புங்கள் என்று கடை சொல்கிறது. எப்படி அனுப்புவது?
– இரண்டு பிள்ளைகளின் தாய்

பதில்: தாயே, முதலில் அதைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல், மெத்தை, திரைச்சீலை பக்கத்தில் இல்லாமல் கல் தரையில் வையுங்கள். சார்ஜ் போடாதீர்கள். உப்பியிருப்பது பேட்டரி. அழுத்திப் பார்க்க வேண்டாம்.

கடைக்காரர் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். கெட்டுப்போன, உப்பிய லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுப்பக் கூடாது. எந்தத் தபால் நிலையமும் தெரிந்து ஏற்காது. தெரியாமல் அனுப்புவது அந்த விமானத்தில் இருப்பவர்களுக்குச் செய்யும் துரோகம். கடைக்கு இப்படி எழுதுங்கள்: 'பேட்டரி உப்பியிருப்பதால் விமான விதிகளின்படி அனுப்ப இயலாது, படங்களையும் சீரியல் எண்ணையும் இணைத்துள்ளேன், பணத்தைத் திருப்பித் தாருங்கள் அல்லது வேறு அனுப்புங்கள்.' நேர்மையான கடைகள் படத்தைப் பார்த்தே பணத்தைத் திருப்பியிருக்கின்றன. மறுத்தால், கார்டில் கட்டியிருந்தீர்கள் என்றால் வங்கியிடம் முறையிடலாம். அதற்கும் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். டேப்லெட்டை உங்கள் ஊரில் மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பேட்டரி இல்லாத பொருளைத் திருப்பி அனுப்புவதிலும் ஒரு குழி இருக்கிறது. அதில் நான் விழுந்திருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து ஓர் ஆசிலோஸ்கோப் வாங்கினேன். மின்சாரத்தின் அலைகளைத் திரையில் காட்டும் கருவி. எங்கள் தொழிலில் வைத்தியரின் ஸ்டெதாஸ்கோப் மாதிரி. நாலாவது மாதம் திரை இருண்டது. வாரண்டியில் அனுப்பச் சொன்னார்கள், போகும் செலவு என்னுடையது. அனுப்பினேன். ஒழுங்காகப் பழுதுபார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். வாசலுக்கு வந்த கூரியர் கையில் ஒரு ரசீது. சுங்கத்தின் கண்ணுக்கு அது புதிதாக வாங்கி வரும் ஆசிலோஸ்கோப். முழு விலைக்கும் மறுபடி வரி.

நான் செய்யத் தவறியது ஒன்றுதான். அனுப்பும்போதே, 'பழுதுபார்க்க வெளியே போகிறது, திரும்பி வரும்' என்று சுங்கத்திடம் அறிவித்து, சீரியல் எண்ணோடு முத்திரை வாங்கியிருக்க வேண்டும். அந்தத் தாள் இருந்தால் பல நாடுகளில் திரும்பி வரும்போது பழுதுபார்த்த செலவுக்கு மட்டும் வரி போடுவார்கள், அல்லது முழுவதுமாக விட்டுவிடுவார்கள். என்னிடம் இருந்ததோ முதல் முறை வரி கட்டிய ரசீது. அதில் 'அளவிடும் கருவி, ஒன்று' என்று மட்டும் இருந்தது, சீரியல் எண் இல்லை. 'இது அதே கருவிதான் என்பதற்கு என்ன சாட்சி?' என்று கவுன்ட்டரில் கேட்டார்கள். கருவியின் பின்பக்கம் நான் சால்டரிங் அயர்னால் தவறுதலாகச் சுட்ட ஒரு தழும்பு உண்டு. அதைக் காட்டினேன். அதிகாரி நல்ல மனிதர், குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். வரியைக் கட்டிவிட்டு வந்தேன்.

இப்போது எந்தக் கடையில் வாங்கினாலும் ரசீதில் சீரியல் எண் எழுதச் சொல்லிக் கேட்கிறேன். எழுத மறுக்கும் கடையில் வாங்குவதில்லை. உங்கள் டேப்லெட்டின் எண் பின்பக்கம் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். அது உப்பி விரிவதற்குள் இன்றே படம் எடுத்துவிடுங்கள்.